மருந்தடித்த வரப்பில் பிழைத்த பெட்டிகளும் பிழைக்காத பெட்டிகளும்

பூச்சிமருந்தில் தேனீ செத்துவிட்டது என்று சொன்னால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, ‘யார் அடித்தது, என்ன மருந்து?’ என்பதுதான். நானும் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு கடைக்கும் அலுவலகத்துக்கும் வயலுக்குமாக அலைந்தேன். மருந்து விழுவதற்கு முந்தைய இரண்டு மாதம் அந்தக் கூடுகள் என்ன தின்றன என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அல்லது அதற்கு முன்பே யாராவது காதில் போட்டிருந்தால், என் இழப்பில் பாதியாவது மிஞ்சியிருக்கும் என்று நினைக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், மார்த்தாண்டத்துக்கு அருகே. 1920களில் ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. வழியாகப் பெட்டித் தேனீ வளர்ப்பைப் பரப்பியதிலிருந்து இங்கே வீட்டுக்கொல்லையில் இரண்டு பெட்டி இருப்பது சாதாரணம். பெரும்பாலும் அடுக்குத் தேனீதான், அதாவது அடைகளை அடுக்கடுக்காகக் கட்டும் நம் நாட்டுத் தேனீ. எங்கள் பஞ்சாங்கம் ரப்பர் மரத்தின் இலையில் எழுதியிருக்கிறது. இலை உதிர்ந்து ஜனவரிக்குப் பிறகு புதுத் தளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்பில் சேரும் இடத்தில் உள்ள சுரப்பிகளிலிருந்து தேன் கசியும். அந்தச் சில வாரங்களில் பெட்டி நிரம்பும். ஆனால் அது இலைத்தேன், பூவிலிருந்து வருவதல்ல. மகரந்தம் வேண்டுமென்றால் தேனீ வேறு மரம் செடிகளைத்தான் தேட வேண்டும். தேன் எடுத்து முடித்த பிறகு, ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால், எஸ்டேட்டுக்குள் தேனீக்கு ஒன்றுமே கிடையாது. வரிசைக்கு இடையில் இருக்கும் தொட்டாற்சுருங்கியையும் களைக்கொல்லி அடித்து எரித்துவிடுகிறார்கள். அந்த மாதங்களில் சர்க்கரையும் நீரும் சம அளவில் கலந்து பாகு வைத்துக் கூட்டை உயிரோடு வைத்துக்கொள்வது இங்கு எல்லோரும் செய்வது. பயிற்சி வகுப்பிலும் அதைத்தான் சொன்னார்கள்.

என்னிடம் அப்போது 38 பெட்டிகள். 22 பெட்டிகள் அருமனைப் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டின் ஓரத்தில், 16 பெட்டிகள் வீட்டைச் சுற்றி. எஸ்டேட் பெட்டிகளை மழை முழுவதும் அங்கேயே விட்டு, தவறாமல் பாகு ஊற்றி வந்தேன். வீட்டுப் பெட்டிகளுக்கும் பாகு கொடுத்தேன், ஆனால் குறைவு. வீட்டைச் சுற்றித் தென்னை, கமுகு, முருங்கை, வேலி நெடுகத் தும்பையும் தொட்டாற்சுருங்கியும் இருப்பதால் மழை விட்ட இடைவெளியில் அவை தாமாகவே எதையோ கொண்டுவந்து சேர்த்துக்கொண்டன. ஆகஸ்ட் முடிவில் எல்லாமே உயிரோடுதான் இருந்தன. எஸ்டேட் பெட்டிகளில் ஈக்கள் கொஞ்சம் குறைவு என்பது தெரிந்தது. பசி தீர்ந்தால் பெருகிவிடும் என்று இருந்தேன்.

அந்த நேரத்தில்தான் வயலைக் குத்தகைக்கு எடுத்துப் பாகலும் வெள்ளரியும் போட்டிருந்த ஒரு விவசாயி, பிஞ்சு பிடிக்கவில்லை, பெட்டிகளைக் கொண்டுவந்து வைக்க முடியுமா என்று கேட்டார். பாகலிலும் வெள்ளரியிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. ஈ வராவிட்டால் காய் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அவர் மருந்து அடிப்பதாக இருந்தால் பொழுது சாய்ந்த பிறகுதான், அதுவும் முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் என்று பேசிக்கொண்டோம். அவர் கடைசிவரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எல்லாப் பெட்டிகளையும் கொண்டுவந்து, வரப்பில் இடம் கிடைத்த வரிசையில் எஸ்டேட் பெட்டி, வீட்டுப் பெட்டி என்று பார்க்காமல் கலந்து வைத்தேன்.

அடுத்த வயலில் தட்டைப்பயறு. அதன் குத்தகைக்காரர் யாரென்றே எனக்குத் தெரியாது. அசுவினிப் பூச்சி ஏறிவிட்டது என்று ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு மேல், பூ விரிந்து ஈ மொய்க்கிற நேரத்தில், இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தை அடித்திருக்கிறார். எனக்குத் தகவல் வந்தபோது மதியம். நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டிகளின் வாசல் பலகை ஒவ்வொன்றிலும் ஈக்கள் மல்லாந்து கிடந்தன. செத்தவை ஒரு பக்கம். சாகாதவைதான் பார்க்க முடியாதபடி இருந்தன. ஓர் ஈ மல்லாந்தபடியே இறக்கையை அடித்துக்கொண்டு பம்பரமாகச் சுற்றும், நிற்கும், கால்கள் வெடவெடவென்று நடுங்கும், மறுபடி சுற்றும். நாக்கு முழு நீளத்துக்கு வெளியே நீட்டியிருக்கும். பின்னங்காலில் மகரந்த உருண்டை அப்படியே ஒட்டியிருந்தது. வாசலில் நிற்கும் காவல் ஈக்கள் அதைத் தள்ளிக் கீழே போட்டுக்கொண்டிருந்தன. ஈர மண்ணில் உட்கார்ந்து வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை, கை நடுங்கியது. பக்கத்து வயல்காரர் மேல் வந்த கோபத்தில் அன்று இரவு தூங்கவும் இல்லை.

அந்த மனிதரை மறுநாள் பார்த்தேன். சண்டைக்குத்தான் போனேன். அவருக்கு அங்கே பெட்டி இருப்பதே தெரியாது. ‘அண்ணே, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சாயங்காலம் அடித்திருப்பேனே’ என்றார். பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. நஷ்டஈடு கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த மருந்தால் செத்தது என்பதற்குப் பரிசோதனை அறிக்கை இருக்கிறதா என்று கேட்டார்கள். அதற்குள் செத்த ஈக்களை எறும்பு இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஆகவே இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று: இப்படி நடந்தால் கோபப்படுவதற்கு முன்னால் புகைப்படம் எடுங்கள், ஒரு பிடி செத்த ஈக்களைச் சுத்தமான பாட்டிலில் அடைத்து உறைபெட்டியில் வையுங்கள். பணம் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். பேசுவதற்குக் கையில் ஏதாவது இருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் நான் சொல்ல வந்த விஷயம் இதற்குப் பிறகு நடந்தது. மருந்து விழுந்த அன்று எல்லாப் பெட்டியிலும்தான் ஈ செத்தது. மறுநாளே பெட்டிகளை வயலிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அடுத்த சில வாரங்களில் அவை இரண்டு வழியாகப் பிரிந்தன. வீட்டில் வளர்ந்த 16 பெட்டிகளில் இரண்டு போயின, மற்றவை மெதுவாக எழுந்துகொண்டன. எஸ்டேட்டிலிருந்து வந்த 22 பெட்டிகளில் 17 போய்விட்டன. சிலவற்றில் ஈ கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, தேனீயின் புழுக்களைக் கவனிக்க ஆளில்லாமல், தேனடையில் அதை அரிக்கும் மெழுகுப் புழு விழுந்தது. சில கூடுகள் ராணியோடு கிளம்பி ஓடிவிட்டன. அடுக்குத் தேனீக்கு அது கைவந்த கலை. கூடு ஒன்று 1,500 ரூபாய் என்று வைத்தாலும் 19 கூடுகளுக்கு 28,500 ரூபாய். அவை அடுத்த ரப்பர் பருவத்தில் தந்திருக்கக்கூடிய தேனைச் சேர்த்தால் ஐம்பதாயிரத்தைத் தாண்டும்.

ஒரே வரப்பு, ஒரே நாள், ஒரே மருந்து. ஏன் இப்படி என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் ஊரில் வெகுகாலமாகப் பெட்டி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். 1991-92இல் தாய்லாந்து சாக்புரூட் என்ற, தேனீப் புழுக்களைக் கொல்லும் வைரஸ் வந்து தென்னிந்தியா முழுவதும் அடுக்குத் தேனீக் கூடுகளை வாரிக்கொண்டு போனபோது எல்லாவற்றையும் இழந்து மறுபடி தொடங்கியவர். அவரைக் கூட்டிவந்து காட்டினேன். மருந்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல், ஒரு வீட்டுப் பெட்டி, ஓர் எஸ்டேட் பெட்டி இரண்டிலிருந்தும் அடை கட்டியிருக்கும் மரச்சட்டம் ஒவ்வொன்றை எடுத்துச் சூரியனுக்கு எதிரே பிடித்தார். வீட்டுப் பெட்டியின் அடையில் புழுக்களைச் சுற்றி வளையமாக மஞ்சளும் ஆரஞ்சும் பழுப்புமாக மகரந்தம் அடைத்த அறைகள் இருந்தன. சின்னப் புழுக்கள், மகரந்தம் தின்ற ஈக்கள் சுரந்து ஊட்டும் வெள்ளைப் பாலில் மிதந்தன. எஸ்டேட் பெட்டியின் அடையில் அந்த வளையமே இல்லை. பாகு இருந்தது, புழுவும் இருந்தது, ஆனால் புழு காய்ந்த அறையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. ‘இது மருந்துக்கு முன்பே பாதி செத்த கூடு மக்களே’ என்றார்.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். ஒரு தேனீ மருந்தைத் தின்றுவிட்டால் அதன் குடலில் உள்ள நொதிகள் (என்சைம்கள்) அந்த நஞ்சை உடைத்து வெளியேற்றப் பார்க்கும். பி450 என்ற நொதிக் குடும்பம் இதில் முக்கியம். 2006இல் நம் அடுக்குத் தேனீக்கு உறவான மேற்கத்தியத் தேனீயின் மரபணுத் தொகுப்பு முழுவதையும் படித்தபோது, அதற்கு இந்த வகை மரபணுக்கள் 46தான் இருப்பது தெரிந்தது. பழ ஈக்கு எண்பதுக்கு மேல். நஞ்சை உடைக்கும் கருவி இயல்பிலேயே குறைவாக இருக்கும் பூச்சி இது. இருக்கும் கருவியை முடுக்கிவிடுவது எது என்பதைத்தான் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மே பெரன்பாம் குழுவினர் தேடினார்கள். 2013இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: மகரந்தத்தின் தோலில் இருந்து வந்து தேனிலும் கலந்திருக்கும் பாரா-கூமாரிக் அமிலம் என்ற பொருள் அந்த நஞ்சு முறிக்கும் மரபணுக்களைத் தூண்டுகிறது. வெறும் சர்க்கரைக் கரைசலில் அதைச் சேர்த்துக் கொடுத்த தேனீக்களின் குடல், கூமாபாஸ் என்ற மருந்தைச் சுமார் 60 சதவீதம் அதிகமாக உடைத்தது. வெள்ளைச் சர்க்கரையில் இந்தப் பொருள் கிடையாது. மழை முழுவதும் நான் ஊற்றிய பாகு பசியைத்தான் அடக்கியது.

இன்னும் சில ஆய்வுகளும் இதே பக்கம்தான் கை காட்டுகின்றன. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மகரந்தம் தின்ற தேனீக்கள் குளோர்பைரிபாஸ் மருந்தை, சோயாப் புரதம் தின்ற தேனீக்களைவிட நன்றாகத் தாங்கின. 2017இல் கலிபோர்னியாவில் சான் டியாகோவில் நடந்த ஆய்வில், குளோதியானிடின், தயமீதாக்சாம் ஆகிய மருந்துகளையும் குறைந்த உணவையும் சேர்த்துக் கொடுத்தபோது தேனீக்களின் பிழைப்பு ஐம்பது சதவீதம் வரை விழுந்தது. இரண்டும் தனித்தனியே செய்யும் கெடுதலைக் கூட்டினால் வருவதைவிட அதிகம் அது. பட்டினியும் மருந்தும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன. இவையெல்லாம் மேற்கத்தியத் தேனீயில் நடந்தவை. நம் அடுக்குத் தேனீ உடம்பில் சிறியது, அளவுகள் மாறும். அதோடு என் எஸ்டேட் கூடுகளில் முதலிலேயே ஈ குறைவு, அதனால் ஒரே எண்ணிக்கை செத்தாலும் அவற்றுக்கு அடி பலம். என் வரப்பில் நடந்ததை ஆய்வு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெரியவர் தூக்கிக் காட்டிய அந்த இரண்டு அடைகளுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதைக் கேட்டுவிட்டு, நல்ல உணவு கொடுத்துவிட்டால் மருந்தைப் பற்றிக் கவலையில்லை என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். இமிடாகுளோபிரிட் வாய்வழியாக ஒரு மேற்கத்தியத் தேனீயைக் கொல்லச் சுமார் 4 நானோகிராம் போதும். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காகப் போட்டு அதில் நான்கு பங்கு. நேரே தெளிப்பு விழுந்த ஈயை எந்த மகரந்தமும் காப்பாற்றாது. உணவு உதவுவது கொஞ்சம் கொஞ்சமாக, பூந்தேன் வழியே, தண்ணீர் வழியே உள்ளே வரும் நஞ்சுக்கும், அடிபட்ட கூடு மறுபடி எழுந்திருப்பதற்கும்தான். மருந்து கலந்ததைத் தேனீ தானாகவே ஒதுக்கிவிடும் என்றும் சிலர் சொல்வார்கள். 2015இல் வந்த ஓர் ஆய்வில் தேனீக்களுக்கு இமிடாகுளோபிரிட்டின் சுவையே தெரியவில்லை, மருந்து கலந்த சர்க்கரை நீரையே அதிகம் குடித்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இமிடாகுளோபிரிட் உட்பட மூன்று மருந்துகளைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை போட்டதற்குத் தேனீக்கு வரும் ஆபத்துதான் காரணம்.

எங்கள் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. வாழை இலைப்புள்ளி நோய்க்குப் புரோபிகோனசோல் அடிக்கிறார்கள். பூஞ்சாணக்கொல்லிதானே, தேனீக்கு ஒன்றும் செய்யாது என்று கடையில் சொல்வார்கள். தனியாக அடித்தால் பெரும்பாலும் சரி. ஆனால் அது மேலே சொன்ன பி450 நொதிகளின் கையைக் கட்டிவிடுகிறது. அந்த நேரத்தில் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்தும் சேர்ந்தால் விஷம் பல மடங்கு ஏறுகிறது. ஒரே தொட்டியில் இரண்டையும் கலந்து அடிப்பது இங்கே வழக்கம். வாழைப்பூவில் எங்கள் ஈக்கள் விழுந்து கிடப்பதும் வழக்கம். பெட்டிக்கு அருகில் வாழை வைத்திருப்பவரிடம் இதை நேரில் போய்ச் சொல்லுங்கள்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். தேன் பருவம் முடிந்ததும் எஸ்டேட்டில் ஒரு பெட்டிகூட விடுவதில்லை. மழைக்காலத்தைக் கழிக்க இடம் பார்க்கும்போது வண்டி போகுமா, திருட்டுப் பயம் உண்டா என்பதோடு தென்னை இருக்கிறதா என்று பார்க்கிறேன். தென்னை ஆண்டு முழுவதும் பாளை விடுவதால் மகரந்தம் நிற்காது. கடைசி முறை தேன் எடுக்கும்போது ஓரங்களில் மூடிய தேனை அப்படியே விட்டுவிடுகிறேன். சர்க்கரைப் பாகை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கூடு பட்டினியில் போய்விடும். ஆனால் பாகு வைத்துவிட்டேன், கடமை முடிந்தது என்று இருப்பதில்லை. வெயில் அடிக்கும் காலையில் எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் வாசலில் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். உள்ளே வரும் பத்து ஈக்களில் இரண்டு மூன்றின் காலிலாவது உருண்டை இருக்க வேண்டும். இல்லையென்றால் பெட்டியைத் திறந்து இளம்புழு பாலில் மிதக்கிறதா, காய்ந்து கிடக்கிறதா என்று பார்க்கிறேன். காய்ந்திருந்தால் அன்றே செய்யக்கூடியது, மகரந்தம் நிறைந்த ஒரு சட்டத்தை என்னுடைய வலுவான வேறு பெட்டியிலிருந்து, ஈயை உதறிவிட்டு, இதில் மாற்றி வைப்பது. அதுவும் முடியாதபோது கொழுப்பு நீக்கிய சோயா மாவு, ஈஸ்ட், பால்பொடி, சர்க்கரைத் தூள் ஆகியவற்றைச் சொந்தத் தேன் விட்டுப் பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருண்டையைச் சட்டங்களின் மேல் வைக்கிறேன். இந்த உருண்டை புரதத்தைக் கொடுக்கும், ஆனால் மகரந்தத்துக்கு ஈடாகாது என்பதை மறக்க வேண்டாம். பெரிதாக உருட்டினால் பூஞ்சை பிடிக்கும், எறும்பு வரும். கடையில் வாங்கிய தேனை மட்டும் கூட்டுக்குள் வைக்காதீர்கள். எந்தக் கூட்டின் நோய் அதில் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

அடிபட்ட கூட்டுக்குச் செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறாகத் தோன்றும். அன்று உள்ளே வந்த மகரந்தமே விஷம். அது அடையில் கிடந்தால் அடுத்து பிறக்கும் ஈயும் அதைத் தின்று சாகும். வீட்டுப் பெட்டிகளில் புது மகரந்தம் அடைத்திருந்த அடைகளை மனசில்லாமல் வெட்டி எடுத்து மண்ணில் புதைத்தேன். பிறகு வேறு பெட்டியிலிருந்து சுத்தமான மகரந்தச் சட்டம், நீர்த்த பாகு, ஈயின் எண்ணிக்கைக்கு ஏற்பச் சட்டங்களைக் குறைப்பது, இரண்டு நோஞ்சான் கூடுகளை ஒன்றாக்குவது. இவ்வளவுதான் செய்யக் கூடியது.

பெட்டியை வயலுக்குக் கொண்டுபோவதை நான் நிறுத்தவில்லை. கேட்டு அழைக்கும் விவசாயியோடு மட்டும் பேசினால் போதாது என்பதால், சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குள் யார் யார் என்ன போட்டிருக்கிறார்கள் என்று நடந்து பார்த்து, என் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வருகிறேன். யாராவது மருந்து அடிக்கப்போவதாகச் சொன்னால் முந்தின இரவே வாசலைக் கம்பி வலையால் மூடி, ஈரச் சாக்குப் போட்டு, மறுநாள் பொழுது சாய்ந்ததும் திறக்கிறேன். வெயில் கடுமையான நாளில் இப்படி மூடினால் உள்ளேயே வெந்துவிடும், அன்றைக்குப் பெட்டியை எடுத்துப் போவதுதான் வழி. பெட்டிகளுக்கு நடுவே மண்சட்டியில் தண்ணீரும், ஈ உட்காரச் சில கூழாங்கற்களும் வைக்கிறேன். இல்லாவிட்டால் மருந்து கழுவி ஓடும் வாய்க்காலில்தான் போய்க் குடிக்கும். அந்தப் பயறு வயல்காரரும் இப்போது மருந்து அடிப்பதற்கு முன்பு கூப்பிடுகிறார்.

சென்ற மழைக்காலத்தில் மாவு உருண்டை, பாகு, இடம் மாற்றிய வண்டி வாடகை எல்லாம் சேர்த்துப் பெட்டிக்கு 180 ரூபாய் ஆயிற்று. அதில் பாதிக்கு மேல் வண்டி வாடகை. தென்னந்தோப்புக்காரர் பணம் வாங்க மறுத்துவிட்டார், ரப்பர் தேன் இரண்டு பாட்டில் கொடுத்தேன். அடுத்த ஆண்டு மூன்றாகக் கேட்பார் போலிருக்கிறது.